எடை துறந்த ஏந்தல்

மனித குல வரலாற்றில் மன உறுதி உடலை வென்ற தருணங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று ஆம்பூரில் நிகழ்ந்தது. தோல் பதனிடும் டேனரியின் அதிபர் ஜனாப் அப்துல் வஹீத் அவர்கள், மன உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு, நூற்று முப்பத்தெட்டு கிலோவிலிருந்து எண்பத்தாறு கிலோவுக்கு இறங்கினார். பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டியிருந்த பேனர் இப்படித்தான் சொன்னது. அவருடைய இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த சென்னை டாக்டரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இடம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் இருந்திருக்க வேண்டிய மூலையில் ஒரு சிங்கம் நடந்து போய்க்கொண்டிருந்தது.

ஆபரேஷன் விஷயம் ஆம்பூரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வஹீத். இன்னொருவர் அவருடைய மனைவி முனவ்வர் பேகம். மற்ற எல்லோருடைய கணக்கிலும் அந்தப் பதினைந்து நாள் வஹீத் இத்தாலியில் தோல் கண்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பூரில் ஒரு டேனரி முதலாளி இத்தாலி போவது, மற்றவர்கள் வாணியம்பாடி போவது மாதிரி. யாரும் பாஸ்போர்ட்டைக் காட்டு என்று கேட்பதில்லை. திரும்பி வரும்போது பாரிமுனையில் வாங்கிய வெளிநாட்டு சாக்லேட் இரண்டு கிலோ கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது கிலோ குறைந்து வந்திருப்பதைப் பார்த்து விசாரித்தவர்களிடம், "அங்க சோறே கெடைக்கல பாய், ரொட்டிய வெச்சிக்கினு எத்தினி நாள் இருக்கறது" என்றார். அதில் சோறு கிடைக்காததென்னவோ உண்மை. ரொட்டியும் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முப்பது மில்லி தெளிந்த சூப் கிடைத்தது.

ஆபரேஷன் செய்துகொண்டதை ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அவசியத்தை அவரே இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் வாயால் உண்டாக்கி வைத்திருந்தார். வாணியம்பாடி டேனரி அதிபர் தன்சீல் அகமது இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு, அதைப் பார்க்கிறவரிடமெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்த சமயம். ஒரு கல்யாண தாவத் விருந்தில் எட்டாவது துண்டு மட்டனைக் கையில் வைத்துக்கொண்டு வஹீத் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வயித்த அறுத்துக்கினு எளைக்கிறதுக்குப் பேரு எளைக்கிறதா? ஆம்பளைன்னா வாயக் கட்டணும்!" பந்தி சிரித்தது. அந்த வாக்கியம் பேரணாம்பட்டு வரை போய், அங்கிருந்து தன்சீல் அகமதுவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு மனிதன் எந்த ஆஸ்பத்திரிக்குள் பகிரங்கமாக நுழைய முடியும்?

ஆனால் நுழைய வேண்டி வந்தது. ராத்திரியில் குறட்டை நடுவே வஹீத்துக்கு மூச்சு நின்று நின்று வரும். நின்ற மூச்சு திரும்பி வரும்வரை முனவ்வர் பேகம் விழித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை நாற்பது எண்ணிய பிறகுதான் வந்தது. அடுத்த வாரம் அவர்தான் கணவரை வெளியூர் டாக்ஸியில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சுந்தரமூர்த்தி வடிவில் ஆபத்து வந்தது. சுந்தரமூர்த்தி கவிதையும் எழுதுவார். ஊரில் யாருக்கு எந்தப் பதவி வந்தாலும் அடைமொழியோடு ஒரு வாழ்த்துமடல் அவரிடமிருந்து வந்துவிடும். டேனரி வாசலில் வஹீத்தை மறித்து, "முப்பது கிலோ கொறைஞ்சிட்டீங்க போலக்கீதே, எப்பிடி பாய்?" என்று கேட்டார்.

பதில் யோசிக்க வஹீத்துக்கு இரண்டு நொடி இருந்தது. முதல் நொடியில், முனவ்வர் பேகம் தன் சர்க்கரைக்காகக் காலையில் குடிக்கும் வெந்தயத் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது நொடியில், டாக்டர் நடக்கச் சொன்னதும் தான் நடக்காததும் ஞாபகத்துக்கு வந்தன.

"காலைல அஞ்சு மணிக்கு ஒரு சொம்பு வெந்தயத் தண்ணி. எட்டாயிரம் ஸ்டெப்பு. ராத்திரி சோறு கட். அவ்ளோதான். மனசு வேணும்."

வஹீத் பார்முலா பிறந்த கதை இதுதான். மறுநாள் விடியற்காலை பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் பதினோரு பேர் சொம்போடு நின்றார்கள். ஒரு மாதத்தில் அறுபது பேர். 'நடந்தால் நலம்' என்று சங்கம், சங்கத்துக்கு வாட்ஸப் குரூப், 'பாயால் முடிந்தது, நம்மால் முடியாதா?' என்று முதுகில் அச்சடித்த பச்சை டீ ஷர்ட். தலைவர் வஹீத், செயலாளர் சுந்தரமூர்த்தி. தலைவர் தினமும் ஐந்தேகாலுக்குக் காரில் வந்து இறங்குவார். பத்து நிமிஷம் மன உறுதி பற்றிப் பேசுவார். கொடியசைத்து எல்லோரையும் நடக்க அனுப்புவார். பிறகு கார் வேறு வழியாகப் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளி டீக்கடையில், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறவர்களைக் கைகுலுக்கி வரவேற்பார். "பார்த்தியா, நமக்கு முன்னாடியே வந்துட்டார்" என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு மனிதனை மகான் என்று முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு அவன் செய்யக்கூடிய தப்பு ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் வஹீத்தால் நாலு கரண்டிக்கு மேல் பிரியாணி இறக்க முடியாது. ஐந்தாவது கரண்டியில் நெஞ்சு அடைக்கும். அதனால் தட்டிலிருந்த மட்டன் துண்டுகளைப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றிவிடுவார். "தன் பங்கை எடுத்து அடுத்தவனுக்குக் குடுக்கறார் பாரு" என்று பந்தி உருகும். ஐந்தாவது கரண்டியைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்ட நாளில் போனைக் காதில் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவார். "சாப்பிடக்கூட டைம் இல்ல பாவம், எக்ஸ்போர்ட்டு ஆளு" என்பார்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொன்ன விட்டமின் மாத்திரைகள் ஏலக்காய் டப்பாவில் இருந்தன.

இந்தச் சங்கத்தில் பார்முலாவை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தவர் ஒருவர்தான். அவர் சீனிவாசன்.

சீனிவாசன் வஹீத்தின் டேனரியில் இருபத்தாறு வருஷமாகச் செலக்‌ஷன் பார்ப்பவர். பதனிட்டு வந்த ஆட்டுத் தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிப்பது அவர் வேலை. ஆடு உயிரோடிருந்த காலத்தில் பட்ட முள் கீறலா, அம்மை வடுவா, உரிக்கும்போது பட்ட கத்தியா, எல்லாம் அவர் கட்டை விரலுக்குத் தெரிந்துவிடும். ஆறிப்போய்க் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக்கூட விரலால் கண்டுபிடித்து, சட்டைப் பையிலிருந்து வெள்ளி மை ஊறும் சில்வர் பேனாவை எடுத்து வட்டம் போடுவார். அவர் போட்ட வட்டத்தை ஜெர்மன்காரன்கூடக் கேள்வி கேட்டதில்லை.

அந்த மேஜைக்குப் பின்னால் சீனிவாசன் நூற்று இருபத்தொன்பது கிலோ இருந்தார். சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்குவதில்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் எட்டாயிரம் ஸ்டெப் நடந்தார். மூன்று கிலோ குறைந்தது, பிறகு இரண்டு கிலோ திரும்ப வந்தது. நடந்ததில் இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, ஆறாமல் நின்றது. கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஒரு நாள் வஹீத் செலக்‌ஷன் ஹாலுக்கு வந்தபோது சீனிவாசன் முதலாளியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சீனு, அப்டி பாக்கற?"

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே முதலாளி? கழுத்தாண்ட தோலு ரொம்ப லூசா கீது. கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருந்தா தோலும் கூடவே சுருங்கியிருக்கும். இது ஒரே அடியா காலி பண்ண கோணி மாதிரி கீது."

வஹீத் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "உனுக்கு மூணு கிலோ எறங்கிச்சி. எனுக்கு அம்பத்திரண்டு. லூசாத்தான் இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்று சீனிவாசன் ஒப்புக்கொண்டார். பதினைந்து அடி தள்ளி நின்று தோலில் பழுது சொல்லக்கூடிய மனிதர். முதலாளி விஷயத்தில் மட்டும் தன் கண்ணை நம்பவில்லை. "நாந்தான் மனச இன்னும் கெட்டிப்படுத்தணும். நாளைலேர்ந்து பத்தாயிரம் ஸ்டெப்பா ஆக்கிடறேன் முதலாளி."

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனிவாசனின் மனைவி மனோரமா வஹீத் வீட்டுக்கு வந்தாள். அவள் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவள். எதையும் சுற்றி வளைத்துப் பேச நேரமில்லாதவள். வஹீத் உள்ளறையில் இருந்தார். கூடத்தில் முனவ்வர் பேகத்திடம் அவள் பேசுவது அவருக்குச் சுத்தமாகக் கேட்டது.

"வேலூர்ல டாக்டர் பாத்துட்டார்க்கா. இந்த வெயிட்ட வெச்சிக்கினு சர்க்கரை எறங்காது, சர்க்கரை எறங்காம புண்ணு ஆறாதுன்றார். எளைக்கிறதுக்கு ஒரு ஆபரேஷன் கீதாம், அத்த பண்ணிக்கச் சொல்றார். இல்லாங்காட்டி மொதல்ல வெரலு, அப்பறம் பாதம், அப்பறம் முட்டி வரைக்கும்னு சொல்றார். மூணு மாசம் டைம் குடுத்துக்கீறார்."

"பண்ணிக்க வேண்டிதானே மனோ?"

"மாட்டேன்றாரே. 'எங்க முதலாளி வெந்தயத் தண்ணி குடிச்சே எறக்கினார், நா இன்னாத்துக்கு வயித்த அறுத்துக்கணும், அது ஆம்பளை செய்ற காரியமா'ன்றார். அக்கா, காலு போனா நின்னுக்கினு செலக்‌ஷன் பாக்க முடியாது. அந்த மேஜ இல்லன்னா அந்தாளு செத்துப்புடுவாரு. பாய்தான் ஒரு வார்த்தை சொல்லணும். பாய் சொன்னா கெணத்துல குதின்னாலும் குதிச்சிடுவாரு."

மனோரமா போன பிறகு முனவ்வர் பேகம் உள்ளே வந்தார். அந்த வீட்டில் சண்டை உருதுவில் தொடங்கித் தமிழில் முடியும். அன்று நேராகத் தமிழிலேயே தொடங்கியது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அந்த மனுஷன் காலு உங்க வாயில கீது."

"டாக்டர் சொன்னாக் கேக்கணும். நான் இன்னா பண்ண?"

"ஆம்பளைன்னா வாயக் கட்டணும்னு சொன்னது யாரு, டாக்டரா? உங்க வயித்துல அஞ்சு ஓட்டை போட்டு எடுத்தாங்கோ. நான் வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தேன். சொல்லுங்கோ. நீங்க சொல்லாட்டி நான் போய்ச் சொல்றேன்."

"நாலு பேரு சிரிப்பாங்கோ. தன்சீல் அகமது..."

"சிரிக்கட்டும். மூச்சு நிக்காது."

மறுநாள் வஹீத் சீனிவாசனைக் காரில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிகளை ஏற்றினார். ஏசியைக் கூட்டினார். டிரைவரை டீ குடிக்க அனுப்பினார். பிறகு இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சீனிவாசனிடம் ஒரு முழு உண்மையைச் சொன்னார்.

"சீனு, நான் நடந்து எறக்கல. ஆபரேஷன் பண்ணிக்கினேன். இத்தாலி போகல. சென்னையில இருந்தேன். நீயும் பண்ணிக்க."

சீனிவாசன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"எம் பொண்டாட்டி வந்து அழுதாளா முதலாளி?"

"வந்தா. அத்த உடு. நான் சொல்றது நெஜம்."

"எனுக்காக இவ்ளோ பெரிய பொய்யி சொல்றீங்களே. உங்க பேரையே கெடுத்துக்கினு. எந்த முதலாளி சொல்லுவாரு?" சீனிவாசன் முதலாளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க மனசுக்காகவே நான் எறக்கிக் காட்றேன். ஆபரேஷன் கீபரேஷன்லாம் வாணாம்."

வீட்டுக்கு வந்து வஹீத் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது கேட்டவன் பொறுப்பு.

"வயித்தக் காமிச்சீங்களா?" என்றார் முனவ்வர் பேகம்.

"சீ. தோலு தொங்குது. அத்த எப்பிடிக் காமிக்கிறது?"

முனவ்வர் பேகம் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பதினெட்டு நாள் எதற்குமே பதில் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் சங்கத்தின் முதலாண்டு விழா.

விழா பைபாஸ் ஓரக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்நூறு பேர் பச்சை டீ ஷர்ட்டில் வந்திருந்தார்கள். அதில் முக்கால்வாசி டபுள் எக்ஸெல் சைஸுக்கு மேல். மண்டபத்துக்குப் பின்னால் நாலு தேக்சாவில் பிரியாணி தம்மில் இருந்தது. உடல் நலச் சங்கத்தின் விழாவில் பிரியாணி போடலாமா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், அதனால் மன்னிக்கப்பட்டார்.

சுந்தரமூர்த்தி மைக்கைப் பிடித்தார். தலைவருக்கு 'எடை துறந்த ஏந்தல்' என்ற பட்டம் வழங்கப்படுவதாக அறிவித்தார். கண்ணாடிக் கேடயத்தில் பட்டத்தை ஏற்கெனவே பொறித்தாகிவிட்டது. பிறகு தன் கவிதையைப் படித்தார்:

"எடையைத் துறந்தாய் ஏந்தலே, எங்கள்
நடையில் கலந்தாய் வேந்தனே!
கொழுப்பைக் கரைத்த கோமகனே, மன
உறுதி உரைத்த உத்தமனே!"

நடுவில் எதுகை தடுமாறியதைக் கைதட்டல் மூடிவிட்டது. அடுத்ததாக, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தவறாமல் நடந்த ஒரே உறுப்பினருக்குத் தலைவர் கையால் பரிசு. "சீனிவாசன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!"

மேடைக்கு ஏழு படி. சீனிவாசன் இடது காலில் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தார். பாதம் பழைய செருப்புக்குள் போகவில்லை. ஒவ்வொரு படிக்கும் வலது காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, இடது காலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். மூன்றாவது படியில் நின்றார். ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். "மன உறுதின்னா இதாங்க!" என்று சுந்தரமூர்த்தி மைக்கில் கூவினார். ஐந்தாவது படியில் கட்டுத்துணியில் ஈரம் தெரிந்தது. முதல் வரிசையில் மனோரமா எழுந்து நின்றுவிட்டாள். அவள் பக்கத்தில் முனவ்வர் பேகம் உட்கார்ந்தபடி மேடையைப் பார்த்தார். படியைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

வஹீத் எழுந்து மைக்கை வாங்கினார்.

"உக்காருங்கோ எல்லாரும். நான் ஒண்ணு சொல்லணும். நான் நடக்கல. வெந்தயத் தண்ணி ஒரு நாளும் குடிக்கல, அதோட வாசனை எனுக்கு ஆவாது. நான் வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கினேன். அதுலதான் எளைச்சேன். இத்தாலி போனேன்னு சொன்னது பொய்யி."

அடுத்த கணம் சுந்தரமூர்த்தி இன்னொரு மைக்கை எடுத்தார்.

"கேட்டீங்களா! ஒரு வருஷம் வேர்வ சிந்தி எளைச்ச மனுஷன், பட்டத்த வாங்கிக்கிற நேரத்துல, அந்தப் பெருமைய ஒரு டாக்டருக்குத் தூக்கிக் குடுக்கறார்! இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பின்வரிசையில் ஒருவர் அழுதார்.

"யோவ் சுந்தரமூர்த்தி, நெஜமா சொல்றேன்யா!"

"மறுபடியும் பாருங்க அடக்கத்த!"

மேடையேறி முடித்த சீனிவாசனும் கைதட்டிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்ததும் வஹீத் மைக்கை நாற்காலியில் வைத்தார். இரண்டு கையாலும் ஜிப்பாவின் அடியைப் பிடித்து நெஞ்சு வரைக்கும் தூக்கினார்.

ஐம்பத்திரண்டு கிலோ காலி செய்துவிட்டுப் போன இடம் சபைக்கு முன்னால் மூன்று மடிப்பாகத் தொங்கியது. கைதட்டல் நின்றது. ஆனால் ஓட்டைகள் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் கெட்டிக்காரர், ஒவ்வொன்றும் ஒரு விரல் நக அளவு, ஆறி, தோல் நிறத்துக்கு வந்து, மடிப்புக்குள் போயிருந்தது. "எங்கங்க, ஒண்ணுமில்லையே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெறும் தோலுதான் கீது."

தோல் என்ற வார்த்தைக்குச் சீனிவாசன் திரும்பினார். இருபத்தாறு வருஷப் பழக்கம். விரித்த தோலை அவரால் பார்க்காமல் போக முடியாது. ஒரு அடி முன்னால் வந்தார். முதலாளி என்பதை மறந்தார், மேடை என்பதை மறந்தார். உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு. மடிப்பை இடது கையால் இழுத்துத் தட்டையாக்கினார். கட்டை விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. சட்டைப் பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து வட்டம் போட்டார்.

"ஒண்ணு."

தொப்புளுக்கு மேலே. "ரெண்டு." இடது விலாவுக்குக் கீழே. "மூணு." வலது பக்கம். "நாலு." ஐந்தாவதற்குச் சிரமப்பட்டார். அது அடிமடிப்பில் இருந்தது. முதலாளியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னார். வஹீத் திரும்பினார்.

"அஞ்சு. முள்ளு கெடையாது, அம்மை கெடையாது. அஞ்சும் ஒரே அளவு, ஓரம் சுத்தமா கீது. ஆயுதத்துல போட்டது. ஒரே நாள்ல போட்டது, ஒரே நாள்ல ஆறினது. ஒண்ணேகால் வருஷம் இருக்கும்."

சபையில் பாதிப் பேர் தோல் தொழிலில் இருப்பவர்கள். சீனிவாசன் போட்ட வட்டத்துக்கு மேல் அப்பீல் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். சுந்தரமூர்த்திகூட மைக்கை இறக்கிவிட்டார்.

சீனிவாசன் பேனாவுக்கு மூடி போட்டுப் பையில் செருகினார். பிறகுதான் நிமிர்ந்து முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா முதலாளி இது" என்றார். "ஒரு வருஷம் வெந்தயத் தண்ணி குடிச்சேனே."

வஹீத்துக்கு ஜிப்பாவை இறக்கக்கூடத் தோன்றவில்லை. வெள்ளி வட்டங்கள் ஐந்தும் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. எழுபது எண்பது செல்போன்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குப் பின்னால் முதல் தேக்சாவின் தம் உடைத்தார்கள். வாசனை உள்ளே வந்தது. இந்த விஷயத்தைப் பந்தியில் உட்கார்ந்தும் பேசலாம் என்று சபை ஒருமனதாக முடிவு செய்தது. கேடயம் மேஜையிலேயே இருந்தது. பட்டத்தை யாரும் திரும்பப் பெறவில்லை. எடை துறந்தது என்னவோ உண்மைதானே என்று சுந்தரமூர்த்தி பின்னர் விளக்கம் அளித்தார்.

மறுநாள் காலை தன்சீல் அகமதுவிடமிருந்து போன் வந்தது. நான்கு முறை அடித்த பிறகு வஹீத் எடுத்தார். எதிர்பார்த்திருந்த எல்லா ஏச்சுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

"பாய், போட்டோ பார்த்தேன்" என்றார் தன்சீல் அகமது. "விட்டமின் ஒழுங்கா சாப்பிடறீங்களா? நான் நடுவுல உட்டுட்டேன், பாதி முடி கொட்டிடுச்சி. ரத்தத்த ஆறு மாசத்துக்கு ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க."

வஹீத் ஏலக்காய் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

சங்கத்தில் அன்று சர்வீஸ் ரோட்டுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களில் பலர் தனித்தனியாக, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு, வஹீத்துக்குப் போன் செய்து டாக்டர் நம்பர் கேட்டார்கள். முதல் போன் செயலாளருடையது. தன் கம்பெனி பாலிசியில் இந்த ஆபரேஷனுக்குக் கவர் உண்டா என்பது ஏஜெண்டான அவருக்கே தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சீனிவாசன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. செலக்‌ஷன் மேஜையில் தோல் குவிந்தது. மூன்றாம் நாள் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. வேலூர் டாக்டரின் சீட்டை வஹீத்தின் மேஜையில் வைத்தார்.

"உங்க டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிக்கினு போங்க. நான் இத்தாலிக்குப் போறன்னு ஊர்ல சொல்லிக்க மாட்டேன். சென்னைன்னுதான் சொல்லுவேன்."

"சீனு, நான்..."

"காலு ஆறற வரைக்கும் உங்க மேல கோவமா கீறேன். அப்பறம் பாக்கலாம்."

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு மாதம் ஆனது. அதற்குள் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. ஆபரேஷன் அன்று வெளியே பெஞ்சில் மனோரமாவும் முனவ்வர் பேகமும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மூன்று நாளும் வஹீத் அங்கேயே இருந்தார். தெளிந்த சூப்பை எப்படி மெதுவாக உறிஞ்ச வேண்டும், எந்த மாத்திரையை உடைத்துப் போட வேண்டும், எந்த வாரத்தில் பொரித்த மீனின் வாசனைக்கே அழுகை வரும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். சீனிவாசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் நர்ஸிடம் இன்னொரு தடவை விசாரித்துச் சரிபார்த்த பிறகே நம்பினார்.

நாலு மாதத்தில் சீனிவாசனின் புண் முழுக்க ஆறியது. சர்க்கரை நூற்று இருபதில் நின்றது. இன்சுலினை நிறுத்தினார்கள். காலை எட்டு மணிக்கு மேஜை முன்னால் நிற்கத் தொடங்கினால் ஒரு மணி வரை உட்காராமல் செலக்‌ஷன் பார்க்கிறார். இளைத்தது எப்படி என்று யாராவது கேட்டால், தோலில் பழுது சொல்கிற அதே குரலில், "ஆபரேஷன், அஞ்சு ஓட்டை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

வஹீத்துக்கும் வாழ்க்கை எளிதாகிவிட்டது. ரகசியம் இல்லை, ஓடி ஒளிய வேண்டியதில்லை. தாவத்தில் பெரிய தட்டு வைத்து யாரும் வற்புறுத்துவதில்லை. "பாய்க்கு வயிறு சின்னது, கொஞ்சமா, ஆனா அடிக்கடி குடுங்க" என்று வீட்டுக்காரர்களே கவனித்துக்கொள்கிறார்கள். கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி, ஐஸ்கிரீம் வருகிறது. ஆற்காடு மக்கன் பேடா வருகிறது. இரண்டும் நெஞ்சை அடைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஜாதி.

போன மாதம் இரண்டு பேரும் ஒரே காரில் சென்னைக்குச் செக்கப்புக்குப் போனார்கள். நர்ஸ் முதலில் சீனிவாசனை எடை மெஷினில் ஏற்றினாள். முப்பத்தொரு கிலோ குறைந்திருந்தார். அடுத்து வஹீத் ஏறினார். செருப்பைக் கழற்றினார். வாட்சைக் கழற்றினார். ஏலக்காய் டப்பாவையும் பையிலிருந்து எடுத்துச் சீனிவாசன் கையில் கொடுத்தார்.

ஆறு கிலோ நானூறு கிராம் கூடியிருந்தார்.